மண்வெட்டி எங்கட, பிடி ஆரிட்ட?

சிரமதானம் எண்டால் என்னெண்டு எங்கட பக்கத்தில் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளக்கட்டு, பள்ளிக்கூட வளவு, கோயில் வீதி, சனசமூக நிலையம் எண்டு எங்கே பற்றை மண்டிக் கிடந்தாலும், ஞாயிற்றுக்கிழமை விடியப் பத்துப் பேர் மண்வெட்டி, கத்தியோட வந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிஞ்சிடும். ஒவ்வொருத்தரும் குடுக்கிறது கொஞ்சம். சேர்ந்தால் பெரிசு.

கொம்பியூட்டரிலும் இப்படி ஒரு சிரமதானம் இருக்கிறது. நாங்கள் பாவிக்காத நேரத்தில் எங்கட கொம்பியூட்டர் ஒரு விஞ்ஞான ஆய்வின் சின்னத் துண்டு ஒன்றை வாங்கிக் கணக்குப் போட்டு, இன்டர்நெட் வழியாகத் திருப்பி அனுப்பும். 1999 மே 17ஆம் திகதி கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய 'செற்றி அட் ஹோம்' தான் இதை உலகத்துக்குக் காட்டியது. விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளில் வேற்றுலகச் சமிக்ஞை ஏதும் இருக்கிறதா என்று தேடும் வேலை. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கைகொடுத்தார்கள். 2020 மார்ச் 31ஓடு அது புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே பிறந்த 'பொயின்க்' மென்பொருளில் இன்றைக்கும் பல திட்டங்கள் ஓடுகின்றன. தனியாக 'ஃபோல்டிங் அட் ஹோம்' இருக்கிறது. 2020 மார்ச்சில் நாங்கள் ஊரடங்குக்குள் இருந்த நாட்களில், கொரோனா வைரசின் புரதங்களை ஆராய்வதற்காக உலகம் முழுக்கச் சனம் அதில் சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில் அதன் மொத்த வேகம் 1 எக்ஸாஃப்ளொப்பைத் தாண்டியது. அதாவது ஒரு செக்கனுக்கு, 1க்குப் பிறகு 18 பூச்சியம் போட்டால் வருகிற அளவு கணக்குகள். அந்த நேரம் தனியொரு சூப்பர் கொம்பியூட்டரும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை.

அந்த வேகத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுகளிலிருந்து வந்தது. கேம் விளையாட வாங்கின அதே கார்டுகள்தான். இந்தச் சிரமதானத்தின் மண்வெட்டி அதுதான். அந்த மண்வெட்டியின் பிடியைப் பற்றித்தான் நான் கதைக்க வாறன்.

கார்ட் எங்கட காசு. கரண்ட் எங்கட பில். ஆனால் கார்டை வேலை வாங்குகிற டிரைவர் எங்கட கையில் இல்லை. டிரைவர் என்பது கார்டுக்கும் விண்டோசுக்கும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. திரையில் படம் காட்டுவது ஒரு மொழி. கணக்குப் போடுவது இன்னொரு மொழி. அதற்கு 'கூடா' அல்லது 'ஓப்பன்சிஎல்' என்ற பகுதிகள் சரியாக இருக்கவேண்டும். படம் காட்டுகிற பகுதி நல்லா இருந்து, கணக்குப் போடுகிற பகுதி செத்துப்போனால் என்ன நடக்கும்? திரை வடிவா இருக்கும். யூடியூப் ஓடும். கேமும் ஓடும். சிரமதானம் மட்டும் நிண்டிருக்கும். ஒரு சத்தமும் வராது.

2012இல் நடந்ததைப் பாருங்கோ. என்விடியாவின் 295 வரிசை டிரைவர்களிலும் 296.10இலும் ஒரு பிழை இருந்தது. டிவிஐ வயரில் கொழுவின மொனிட்டர் தூங்கப் போனவுடன் கார்ட் கணிப்பு வேலைக்குக் கிடைக்காமல் போய்விடும். கேம் விளையாடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. மொனிட்டர் தூங்கும்போது ஆர் கேம் விளையாடுவினம்? ஆனால் தன்னார்வலரின் கார்ட் வேலை செய்யத் தொடங்குவதே ஆள் எழும்பிப்போய் மொனிட்டர் அணைஞ்ச பிறகுதான். பிறகு 301.42இல் அதைத் திருத்தினார்கள். அதுவரைக்கும் எத்தனையோ பேரின் இரவுகள் வீணாய்ப் போயின. டிரைவர் செய்கிறவர்களின் மனதில் இருக்கிற பாவனையாளர் நாங்கள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. விண்டோஸ் தன்பாட்டுக்கு டிரைவரை மாற்றிவிடும். ஒரு கணக்கு 2 செக்கனுக்கு மேல் கார்டைப் பிடித்து வைத்திருந்தால், கார்ட் இறுகிவிட்டது என்று நினைத்து விண்டோஸ் டிரைவரை அடித்து எழுப்பும். ஓடிக்கொண்டிருந்த வேலை பிழைத்துப்போகும். வேகமான புதுக் கார்டுக்கு 2 செக்கன் தாராளம். எங்களிட்ட இருக்கிற பழைய கார்டுக்குப் போதாது. லினக்ஸில் கேர்னல் மாறினால் என்விடியாவின் மொட்யூல் அதோடு பொருந்தாமல் நிற்கும். அந்த இடத்தில் 'நூவோ' டிரைவர் வந்து உட்காரும். படம் தெரியும், கூடா இல்லை.

வன்னியில் இது ஏன் கூடச் சுடுகிறது? கணக்காய்ப் பார்ப்பம். கார்டும் கொம்பியூட்டரும் சேர்ந்து 150 வாட் இழுக்குது எண்டு வையுங்கோ. நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். எங்கட வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 எண்டு படிப்படியாய் ஏறுவது. 36 யூனிட் கூடினால் பெரும்பாலும் ஒரு படி தாண்டும். யூனிட் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். இதைத் தெரிஞ்சுகொண்டு குடுக்கிறவர் மனமறிஞ்சு குடுக்கிறார். ஆனால் டிரைவர் குழம்பி, வாங்கிற வேலை எல்லாம் பிழைச்சுப் போய்க்கொண்டிருந்தால், அது ஆருக்கும் போய்ச் சேராத தானம். அதோடு ஒரு என்விடியா டிரைவர் 600 மெகாபைட்டைத் தாண்டும். போன் டேட்டாவில் இறக்கி, இடையில் கரண்ட் போய், திருப்பி இறக்கிறவருக்குத்தான் அதன் விலை தெரியும்.

பெரிய அடி இதுக்குப் பிறகுதான். 2022 செப்டெம்பரில் எதேரியம் கார்டுகளால் காசு தோண்டும் முறையைக் கைவிட்ட பிறகு, உலகச் சந்தையில் பழைய கார்டுகள் வந்து குவிந்தன. புதுசு வாங்க வசதியில்லாத இடங்களில் கையில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1050, 1060 மாதிரி 2016ஆம் ஆண்டுத் தலைமுறைதான். 2025 ஓகஸ்டில் வந்த கூடா 13 அந்தத் தலைமுறையைக் கழற்றிவிட்டது. அதே வருசம் ஒக்டோபரோடு வழமையான புது டிரைவர்களும் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். கார்டில் ஒரு பழுதும் இல்லை. விசிறி சுத்துது, கணக்குச் சரியாய் வருது. அதைக் கிழவனாக்கினது வயசு இல்லை, டிரைவர்.

"பழசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தால் பாதுகாப்பு என்னாகும்?" என்று கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும் புது வசதிகளைத் தனியாகவும் தரலாம் என்பதை 2028 வரை தாறன் என்று சொன்ன அதே நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிறகென்ன? கைவிடுகிற கார்டின் டிரைவரைத் திறந்து விடட்டும். 2022 மேயில் என்விடியா தன் லினக்ஸ் கேர்னல் பகுதியைத் திறந்தது. அதுவும் 2018இல் வந்த தலைமுறையிலிருந்து மேலே உள்ள கார்டுகளுக்குத்தான். எங்கட கையில் இருப்பதுக்கு அந்தக் கதவு திறபடேல்ல.

திட்டங்களை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். ஒரு கொம்பியூட்டர் பிழையான முடிவுகளையே அனுப்பினால், அவர்களின் சேர்வர் அதற்குக் குடுக்கும் வேலையைக் குறைத்துவிடும். அதாவது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் ஆளுக்கும் ஒரு வரி அறிவிக்கலாமே? மண்வெட்டி முறிஞ்சு நிக்கிறவனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் போகிற சிரமதானம் எங்கேயும் உண்டா?

மற்றவர்களைக் கேட்டு முடிந்தது. இனி எங்களுக்கு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டது. செய்தவர்கள் நினைத்திராத விதத்தில் ஒரு பொருளைப் பாவிக்கிற கெட்டித்தனம் இங்கே இருந்தது. அதைப் பெருமையாய்ச் சொல்லிச் சொல்லியே காலம் போகுது. ஆனால் எந்த எஞ்சினுக்கு எவ்வளவு, எந்த டைனமோவுக்கு என்ன வயர் என்பதெல்லாம் எத்தனை கொப்பியில் எழுதப்பட்டது? செய்த கைகள் முதிர்ந்துபோக அறிவும் போகுது. கிராபிக்ஸ் கார்ட் விசயத்திலும் அதையே செய்யப் போறமா?

எழுதிவைக்க வேண்டியது அப்படிப் பெரிசும் இல்லை. பொயின்க் தொடங்கும்போது வருகிற நிகழ்வுப் பதிவின் முதல் இருபது வரியைப் பாருங்கோ. கார்டின் பேரும் கூடாவோ ஓப்பன்சிஎல்லோ அதில் இருந்தால் டிரைவரைக் கார்ட் கண்டிருக்கிறது. "நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்" என்று இருந்தால் டிரைவரின் திகதி மாறியிருக்கிறதா என்று டிவைஸ் மனேஜரில் பாருங்கோ. மாறியிருந்தால் பழசுக்குத் திரும்புங்கோ. திகதி மாறாட்டில், பொயின்க் விண்டோஸ் சேவிஸாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கோ. அப்படிப் போட்டால் அதுக்குக் கார்ட் தெரியாது. எல்லாம் குழம்பியிருந்தால் இன்டர்நெட்டைக் கழற்றி, சேஃப் மோடில் 'டிடியூ' வைத்து டிரைவரை அடியோடு துடைத்து, வேலை செய்தது என்று தெரிந்த பதிப்பைப் போடுங்கோ. அதுக்கு அந்தப் பதிப்பு உங்களிட்ட இருக்கவேணும். பென் டிரைவ் ஒன்று அதுக்கே ஒதுக்குங்கோ.

"கரண்ட் பில்லுக்கே முழிக்கிற இடத்தில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்கிறவர்களுக்கு: வசதியில்லாவிட்டால் செய்யாதேங்கோ, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் டிரைவரைத் திருத்தப் பழகினவருக்கு அந்த அறிவு தானத்தோடு நிக்காது. வீடியோ எடிட்டிங்குக்கும், முப்பரிமாண வரைகலைக்கும், இயந்திரக் கற்றலுக்கும் இதே கூடாதான், இதே பிழைகள்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிக்கிற பொடியளும் பெட்டையளும் சேர்ந்து, எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் இலக்கம், எந்தத் திட்டம் ஓடிச்சு, எது பிழைச்சுது என்று தமிழில் ஒரு பொதுப் பதிவேடு தொடங்கினால், அதுவே ஒரு சிரமதானம்.

தொடங்கும்வரை ஒரு சின்ன வேலை. உங்கட கொம்பியூட்டர் இப்ப ஒழுங்காய் ஓடுது எண்டால், டிரைவர் இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கோ. நாளைக்கு அது நிண்டால், தேட வேண்டியது எதையெண்டு தெரியும்.