எந்த டிஃபரன்சியேஷன் பாஸ்?

நெற்குப்பையில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இப்ப காரைக்குடியில் காலேஜா? மேத்ஸ் கிளாஸிலும் 'டிஃபரன்சியேஷன்', பக்கத்து ஜுவாலஜி கிளாஸிலும் அதே சொல். முழிக்காதீங்க, தப்பு உங்க மேல இல்லை.

கணக்கில் அது வகையிடல். காரைக்குடி பஸ் சராசரியா மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததுன்னு வச்சுக்குங்க. நடுவில் ஒரு நொடியில் ஸ்பீடாமீட்டர் முள் காட்டுதே, அந்த வேகம்தான் வகைக்கெழு. திருப்பிப் போனா தொகையிடல். ஆனா வகையிட்டப்போ காணாமப் போன மாறிலி திரும்பாது. கூட ஒரு 'சி' போடணும். (பாதிப் பேருக்கு மார்க் போறது அங்கதான்!)

உயிரியலில் அது வேறுபாடடைதல். கருவுற்ற ஒரே செல்தான் நரம்பாவும் தோலாவும் தசையாவும் ஆகுது. டி.என்.ஏ. ஏறத்தாழ ஒண்ணுதான், எந்த ஜீன் முழிச்சிருக்கு, எது தூங்குதுங்கறதுதான் விஷயம். இது ஒருவழிப் பாதைன்னே ரொம்ப நாள் நெனச்சாங்க. 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா குழு, எலியின் செல்லில் நாலே ஜீன்களைச் சேர்த்து ரிவர்ஸ் கியர் போட்டது. 2012-ல், ஜான் கர்டனோடு சேர்த்து அவருக்கு நோபல்.

சாதாரணப் பேச்சில்? பிரிச்சுக் காட்டறது. செட்டிநாட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரணுமா! தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிற நகரத்தார் வீடுகளில், ஒரே தெருவில் நாலு லெட்சுமணன் இருந்தா இனிஷியல்தான் கதி. 1921-ல் நெற்குப்பையில் பிறந்த எழுத்தாளர் சோம. லெட்சுமணனும் 'சோமலெ'ன்னுதான் நின்னார்.

இங்கிலீஷ் ஒரே சொல்லில் அடைச்சதைத் தமிழ் மூணாப் பிரிச்சு வச்சிருக்கு. அடுத்த கிளாஸில் தைரியமா கை தூக்குங்க: "எந்த டிஃபரன்சியேஷன், மேடம்?"