புதுக் கமரா வாங்க முதல் ஒரு வார்த்தை



ஏ.எல். பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள மாதங்களில் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "சேர், எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதுதான். கேட்கிறவரின் கையில் ஒன்றரை, இரண்டு இலட்சம் இருக்கும். சிலருக்கு அது கட்டாரிலிருந்து நானா அனுப்பிய காசு. சிலருக்கு உம்மாவின் காப்பு அடகுக்குப் போய் வந்த காசு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் பதில் சொல்வதை விட இங்கே ஒரே தடவையில் எழுதி விடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கமரா வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.

என் கருத்து இதுதான். கமரா வாங்குவது நல்ல விஷயம். ஆனால் இருக்கிற காசு முழுவதையும் "பொடி" என்று நாம் சொல்கிற கமராவின் உடலில் கொட்டிவிட்டு, லென்ஸுக்கும் படங்களைப் பாதுகாக்கவும் ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் விடுவது பெரும் பிழை. நம்மூரில் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

முதலில் விலையைப் பார்ப்போம். கெனன் ஆர்100 என்ற கமரா 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 18-45 லென்ஸோடு அதன் அறிமுக விலை 599 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 1,80,000 ரூபா ஆகிறது. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல்தான். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் இதே பெட்டி 1,20,000 ரூபா. கமரா ஒரு துளியும் மாறவில்லை, நமது ரூபாதான் மெலிந்து போனது. ஆகவே வெளிநாட்டு யூடியூபர் ஒருவர் "இது மலிவான கமரா" என்று சொன்னால், அவருடைய மலிவு வேறு, நம்முடைய மலிவு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

கம்பனிகளின் நிலையும் மாறிவிட்டது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் உலகத்துக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 இலட்சத்துக்கும் குறைவு. சின்னக் கமரா சந்தையை கைப்பேசி விழுங்கிவிட்டது. அதனால் கம்பனிகள் குறைந்த விலைக் கமராக்களைக் கைவிட்டு, விலை கூடியவற்றில்தான் கவனம் வைக்கின்றன. 2024இல் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ கமராவின் அறிமுக விலை 1,599 டொலர். டிக்டொக்கில் பார்த்து அதைக் கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல கமராதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கணக்கில் அது 4,80,000 ரூபா. லென்ஸையும் கழற்றி மாற்ற முடியாது.

இனி "புதுசு என்றால் படம் நன்றாக வரும்" என்ற நம்பிக்கை. நிக்கொன் டி3500 வந்தது 2018இல். அது 24 மெகாபிக்ஸல். 2023இல் வந்த ஆர்100, ஆர்50 இரண்டும் அதே 24 மெகாபிக்ஸல்தான். 24 மெகாபிக்ஸல் என்றால் அகலம் 6000 புள்ளி, உயரம் 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தரமாக அச்சடித்தாலும் 20 அங்குல அகலத்துக்குப் போடலாம். உங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் அதைவிடப் பெரிய படம் எத்தனை தொங்குகிறது? 4கே டீவியின் முழுத் திரையே 8 மெகாபிக்ஸல் அளவுதான். முகநூலில் போடும்போது அதைவிடவும் சுருங்கிவிடும்.

புதியதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆர்50 போன்றவை ஆளின் கண்ணைத் தானாகப் பிடித்து, அவர் ஓடினாலும் விடாமல் ஃபோகஸ் வைக்கும். 4கே வீடியோ எடுக்கும். டி3500 வீடியோ 1080 அளவோடு நின்றுவிடும். ஆகவே வீடியோவைத் தொழிலாக எடுக்கப் போகிறவர், விளையாட்டுப் போட்டிகளை எடுக்கிறவர் புதியதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "புதியது" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்100இன் திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. கைப்பேசியில் வளர்ந்த பிள்ளைக்கு அது முதல் நாளே வெறுத்துப் போகும். வெறும் முகநூல் பதிவுக்குத்தான் படம் தேவை என்றால் கையில் இருக்கும் போனே போதும். ஒரு சின்ன ட்ரைபொட் வாங்குங்கள், காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வெளியே போங்கள்.

அப்படியானால் காசை எங்கே போடுவது? முதலில் லென்ஸில். கமராவோடு வருகிற 18-55 லென்ஸை 50 பக்கம் இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கலியாண வீட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் சாதாரண லென்ஸ் செக்கனில் 20இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்றால், அதே இடத்தில் இந்த லென்ஸுக்கு 200இல் ஒரு பங்கு நேரம் போதும். சிரித்துக்கொண்டு திரும்புகிற பிள்ளையின் முகம் முதலாவதில் கலங்கும், இரண்டாவதில் தெளிவாக நிற்கும். இந்த வித்தியாசத்தை எந்தப் புதுப் பொடியும் சாதாரண லென்ஸோடு தராது.

கெனனின் பழைய ஈஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் 2015இல் வந்தது. பாவித்தது தேடினால் கிடைக்கும். நாளைக்கு மிரர்லெஸ் கமராவுக்கு மாறினாலும் ஒரு அடப்டர் போட்டு அதையே தானியங்கி ஃபோகஸோடு பாவிக்கலாம். சின்ன அறைகளில் 50 எம்எம் நெருக்கமாகத் தெரியும். அங்கே கெனனில் 24 எம்எம் எஃப் 2.8, நிக்கொனில் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 பொருத்தம். நிக்கொன் டி3500 வாங்குகிறவர் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பொடிக்குள் ஃபோகஸ் மோட்டர் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ் என்றால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவு என்று வாங்கினால் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாவித்த பொடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கொனில் அதைப் படத்தின் கோப்பிலிருந்தே அறியலாம். டி3500 போன்றவற்றின் ஷட்டர் 100,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப் 16இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பாருங்கள், சென்சரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். லென்ஸுக்குள் ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

பூஞ்சணம் என்றதும் நம் கரையோர வீடுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். காற்றில் எப்போதும் ஈரம். ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சணம் வளர வாய்ப்பு அதிகம். கமராவைத் தோல் பையில் போட்டு, அலுமாரிக்குள் உடுப்போடு பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி. விலை கூடிய ட்ரை கெபினட் தேவையில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. அரிசிக்குள் மட்டும் புதைத்து வைக்காதீர்கள், அதன் தூசு உள்ளே போகும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு உள்ளே வையுங்கள்.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வீ30 என்று அடையாளம் உள்ளது செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். இப்படிப்பட்ட கமராக்களின் 4கே வீடியோவுக்கு அது தாராளம். பாதி விலைக்குக் கிடைக்கிற 256 ஜீபி கார்டுகளில் போலிகள் உண்டு. வெளியே 256 என்று எழுதியிருக்கும், உள்ளே 16 இருக்கும். நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே எழுதத் தொடங்கும். கார்டை முழுதாக நிரப்பி, மறுபடி வாசித்துச் சோதிக்கிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாங்கிய அன்றே சோதியுங்கள்.

கமராவை விற்றாலும் கார்டை விற்காதீர்கள். ஃபோர்மட் பண்ணினாலும் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், மீட்டெடுக்கிற மென்பொருள் யாருக்கும் கிடைக்கும். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் நம்மை நம்பி எடுக்க விட்ட படங்கள் முகம் தெரியாத ஒருவரின் கையில் போவது சின்ன விஷயமில்லை. அது அமானிதம். அதே போல, ஒருவரின் முகத்தை எடுக்கவும் பதிவிடவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது கமராக்காரரின் முதல் பாடம். மையித்து வீட்டில் அழுகிற முகங்களை எடுத்துப் பதிவிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, நான் இதை எழுதியதற்கு உண்மையான காரணம்.

2004 டிசம்பர் 26 நம் நாட்டில் 30,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. மிகக் கூடுதலாக இழந்தது நம் அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, மருதமுனை என்று கரையோரம் முழுக்க வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டன. மௌத்தாகிப்போன பிள்ளையின் முகத்தை நினைவில் மட்டும் வைத்திருக்கிற உம்மாமார் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஒரேயொரு படம்தான் மிஞ்சியது, அதுவும் வேறு ஊரில் இருந்த சொந்தக்காரரின் அல்பத்தில் இருந்ததால் மிஞ்சியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இருபது வருடங்களுக்குப் பிறகு நம் நிலை என்ன? ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். எல்லாம் ஒரே போனில், ஒரே கார்டில். போன் தண்ணீருக்குள் விழுந்தால் பிள்ளையின் முதல் ஐந்து வருடமும் அதோடு போய்விடும். இரண்டு இலட்சம் ரூபாக் கமராவும் இதற்கு ஒன்றும் செய்யாது.

அதனால் கமராவுக்கு ஒதுக்குகிற காசில் பாதியைப் பாவித்த நல்ல பொடிக்கும், கால் பங்கைக் கொஞ்சம் தாண்டி லென்ஸுக்கும் வையுங்கள். மிச்சத்தில் கார்ட், பெட்டி, இன்னொரு பெற்றறி, முக்கியமாக ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு படமும் மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் ராத்தா வீட்டிலோ இணையத்திலோ இருக்கட்டும். கூகுளில் 15 ஜீபி இலவசம். தெரிவு செய்த ஆயிரம் படத்துக்கு அது தாராளமாகப் போதும். வட்ஸ்அப்பில் அனுப்பியதை "சேமித்தது" என்று எண்ண வேண்டாம். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முழுதாகப் போக வேண்டுமென்றால் டொகியுமன்டாக அனுப்புங்கள்.

சூரியன் மறைவதை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். மருதமுனையில் இன்னும் ஓடுகிற கைத்தறியை எடுங்கள். கரைவலை இழுக்கிற கைகளை எடுங்கள். உங்கள் உம்மம்மா பாய் இழைக்கிறவர் என்றால் அதை எடுங்கள். பத்து வருடம் கழித்து இவற்றை எடுக்க எந்தக் கமராவாலும் முடியாமல் போகலாம்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, இருக்கிற போனாலேயே வீட்டிலுள்ள மூத்தவர்களை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி போடுங்கள். பின்பக்கம் பேரும் திகதியும் எழுதி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுத்து விடுங்கள்.

கமரா பற்றிக் கேட்க வேண்டியவர்கள் கீழே கொமென்டில் கேளுங்கள். கையில் எவ்வளவு காசு, என்ன எடுக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.