ஏற்காட்டில் பழங்குடி, பர்கூரில் இல்லை!
ஜில்லா எல்லையில் மாறும் மனித மதிப்பு

ஏற்காடு-

சேலம் மாவட்டம் ஏற்காட்டில் ஒருவர் "மலையாளி" என்றால் அவர் பழங்குடி. ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் உள்ள பர்கூர் மலையில் ஒருவர் "மலையாளி" என்றால் அவர் பழங்குடி இல்லை!

இனத்தின் பெயர் ஒன்று. பேசுவதும் தமிழ்தான். சர்க்கார் காகிதத்தில் மட்டும் ஆள் வேறு! இது எப்படி வந்தது? விவரம் வருமாறு:-

அண்ணன் தம்பி 3 பேர்

மலையாளி என்றதும் கேரளாக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் தமிழ்நாட்டு மலைவாசிகள். காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன்-தம்பி 3 பேர் கிளம்பி, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்கள் சொல்லும் பூர்வீகக் கதை.

சேலம் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்தார். அதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் இவர்கள்.

6 மாவட்டம் மட்டும்

1976-ல் நாடாளுமன்றம் பழங்குடிப் பட்டியலைத் திருத்தியது. அதில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே 6 மாவட்டங்களைக் குறித்தார்கள். சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை.

கோவை இல்லை! பர்கூர் மலையும் கடம்பூர் மலையும் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தன. 1979-ல் கோவையைப் பிரித்து, இன்றைய ஈரோடு மாவட்டத்தை உண்டாக்கினார்கள். மாவட்டம் மாறியும் அந்த மலை ஜனங்களின் தலையெழுத்து மாறவில்லை.

என்ன நஷ்டம்?

தமிழ்நாட்டில் படிப்பிலும் அரசு வேலையிலும் பழங்குடியினருக்கு 1 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஏற்காட்டுப் பிள்ளை அதில் போட்டி போடலாம். பர்கூர்ப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிக்கிடக்கிறது.

நிலத்திலும் இதே கதைதான். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி என்றால் 13-12-2005க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்து வந்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவர் என்றால் 3 தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எழுத்து தெரியாத பாட்டன் எந்த ரிக்கார்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்?

சட்டசபையில் 234 தொகுதிகளில் பழங்குடிக்கு ஒதுக்கியது 2. அதில் ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம்.

அதற்காக ஏற்காட்டில் பாலும் தேனும் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. சான்றிதழ் வாங்க இங்கேயும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்கவாவது உரிமை இருக்கிறது!

போலி வந்துவிடுமா?

"கட்டுப்பாட்டை எடுத்தால் போலிகள் நுழைந்துவிடுவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. போலி நுழைந்தால் பறிபோவது ஏழைப் பழங்குடிப் பிள்ளையின் இடம்தானே?

ஆனால் போலியைப் பிடிக்க வேண்டியது விசாரணை. ஜில்லா எல்லைக் கோடு நிஜமான ஆளையும் சேர்த்தல்லவா வெளியே தள்ளுகிறது!

முடிவு டெல்லியில்

பட்டியலில் கை வைக்க மாநில அரசால் முடியாது. சிபாரிசு மட்டும் செய்யலாம். இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் சம்மதிக்க வேண்டும். பிறகு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும்.

மனது வைத்தால் நடக்கும். 2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் இனத்தவரைப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஈரோடு மலையாளிகளுக்கு அந்தத் தடவையும் இடம் கிடைக்கவில்லை.

ஓட்டில் எல்லாரும் சமம், வாழ்க்கையில் சமம் இல்லை என்ற முரண்பாட்டை நீடிக்க விட்டால் ஆபத்து என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்.

தேர்தல் அன்று ஏற்காட்டு மலையாளிக்கும் ஒரு ஓட்டு, பர்கூர் மலையாளிக்கும் ஒரு ஓட்டு. அன்று யாரும் "நீ எந்த மலை?" என்று கேட்பதில்லை.

மறுநாள் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?