பாடப்பிரிவின் பெயரோடு அதன் உள்ளடக்கத்தையும் காட்டுங்கள்

தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி ஆணையர் அவர்களுக்கு,



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்து பொறியியல் கவுன்சலிங் தொடங்கிவிட்டால், தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஒரே கேள்விதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" கட்ஆஃப் 195 வாங்கிய பிள்ளையின் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள், 120 வாங்கிய பிள்ளையின் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. கணினி வேலைதான் கடந்த கால் நூற்றாண்டில் இந்த மாநிலத்தின் எத்தனையோ குடும்பங்களை வயல்வேலையிலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் மேலே தூக்கிவிட்டது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது முதல் இன்றைய சிறுசேரி, கோவை வரை அதற்குச் சாட்சிகள் நிற்கின்றன.

ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள்தான் இங்கே அதிகம். அப்பா பத்தாம் வகுப்பு, அம்மா எட்டாம் வகுப்பு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவள் மகள். அவள் ஒரு சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கல்லூரிக் குறியீடுகளையும் பிரிவுக் குறியீடுகளையும் பார்த்து, சில நாட்களுக்குள் வரிசைப்படுத்திப் பூட்டியாக வேண்டும். அந்த வரிசைதான் அவளது அடுத்த நாற்பது ஆண்டுகளின் தொடக்கம். அவள் முன்னால் இருப்பதோ பிரிவின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, கடந்த ஆண்டுக் கட்ஆஃப். இவை போதாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடல்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். ஒரு காலத்தில் சி.எஸ்.இ., ஐ.டி. என்று இரண்டுதான் இருந்தன. இன்று ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. அண்டு மெஷின் லேர்னிங், சைபர் செக்யூரிட்டி, டி.சி.எஸ். நிறுவனத்தின் முன்முயற்சியில் வடிவமைக்கப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்டு பிசினஸ் சிஸ்டம்ஸ் எனப் பட்டியல் நீள்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் படிப்பு, தனித்தனி வேலை என்றே பெற்றோர் நம்புகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு. முதல் ஆண்டு எல்லாருக்கும் பெரும்பாலும் ஒன்றே. அதன்படி மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்குக்கூட முதல் செமஸ்டரில் பைத்தான் உண்டு. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆகிய ஐந்தும் கணினி சார்ந்த பிரிவுகளுக்குப் பொதுவான அடித்தளம். வேறுபாடு அதற்கு மேல்தான் வருகிறது. சி.எஸ்.இ. மாணவர் கணிப்பியல் கோட்பாடும் கம்பைலரும் கட்டாயம் படிக்கிறார். ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் மாணவருக்கு மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றின் எடை கூடுதல். சி.எஸ்.இ. மாணவரும் செயற்கை நுண்ணறிவில் ஒரு கட்டாயப் பாடம் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

இந்தச் சிறு விளக்கம் தமிழில், கவுன்சலிங் பக்கத்திலேயே இருந்தால் எத்தனை தடுமாற்றம் குறையும்! கணக்கு என்றாலே ஒதுங்கும் மாணவர், பெயரில் ஏ.ஐ. இருக்கிறது என்பதற்காக அதை முதல் விருப்பமாக வைக்கிறார். படிப்பில் நிகழ்தகவும் அணிக்கணிதமும் எதிரே வந்து நிற்கும்போதுதான் அந்தப் பிரிவின் முதுகெலும்பே கணக்கு என்று அவருக்குத் தெரிகிறது. இன்னொரு பக்கம், பயாலஜி-மேத்ஸ் குரூப் எடுத்த மாணவி, பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காததால் அந்தப் பிரிவு தனக்கு ஒத்துவராது என்று தானே விலகிக்கொள்கிறாள். கட்ஆஃப் கணக்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 மட்டுமே. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை. இதைக்கூட அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, இடங்களின் பெருக்கம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று வைத்திருந்த உச்சவரம்பை 2024-25 முதல் நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு நீக்கியது. மெக்கானிக்கலிலும் சிவிலிலும் சேர ஆளில்லாத கல்லூரிகள் அந்த இடங்களைக் குறைத்துக் கணினிப் பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. வகுப்பறையும் கணினியும் வாங்கிவிடலாம். ஆசிரியரை அப்படி வாங்க முடியாது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆண்டுக்கு 240 பேரைச் சேர்க்கும் பிரிவில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 960 மாணவர்கள். விதிப்படி 48 ஆசிரியர்கள் வேண்டும். ஏ.ஐ. படித்துத் தேர்ந்தவர்களைத் தொழில் நிறுவனங்கள் அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும் காலத்தில் அத்தனை பேர் கல்லூரிக்கு எங்கிருந்து வருவார்கள்? 2024 ஜூலையில், ஒரே பேராசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் ஆசிரியராகக் கணக்குக் காட்டிய முறைகேட்டை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்ததும், அதன்மீது அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியதும் தாங்கள் அறிந்ததே.

தேசிய அங்கீகார வாரியம் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் பற்றியும் பெற்றோருக்கு விளக்கம் தேவை. நாக் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் பொருந்தும், என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஒரு கல்லூரியின் ஈ.சி.இ.க்கு அது இருக்கலாம், சென்ற ஆண்டு தொடங்கிய சைபர் செக்யூரிட்டிக்கு இருக்காது. குறைந்தது இரண்டு அணி மாணவர்களாவது படித்து வெளியேறிய பிரிவுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். விளம்பரத் தட்டியில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்கும் தந்தைக்கு, தன் மகன் சேரப்போகும் பிரிவுக்கு அது பொருந்துமா என்பது தெரிவதில்லை.

கணினி வேலைக்குப் போக சி.எஸ்.இ. ஒன்றே வழி என்ற நம்பிக்கையையும் தங்கள் துறை சரிசெய்ய வேண்டும். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1994இல் பெற்ற ராஜ் ரெட்டி, 1958இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து வெளியேறியவர். உலகின் டேட்டாபேஸ் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் ஏரிஸ் என்ற தரவு மீட்பு முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அந்த வளாகத்திலிருந்த ஐ.பி.எம். 370 கணினிதான் அவரை இந்தப் பக்கம் இழுத்தது. ஹெச்.சி.எல். நிறுவனர் சிவ் நாடார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்தவர். அவர்கள் படித்த காலத்தில் இளநிலையில் கணினிப் பிரிவு இல்லை, அல்லது அரிதாக இருந்தது என்பது உண்மையே. சிவில் படித்தால் போதும், கணினி தானாக வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. கணிதமும் சிந்தனைப் பயிற்சியும் உறுதியாக இருந்தவர்கள், கணினி எதிர்ப்பட்டபோது அதை முனைந்து கற்றுக்கொண்டார்கள் என்பதே இங்கு பாடம்.

இன்றும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் பல ஆண்டுகளாக எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுத்துத் தாங்களே மாதக்கணக்கில் பயிற்சி தருகின்றன. அவை முதலில் பார்ப்பது மதிப்பெண்ணையும் அரியர் இருக்கிறதா என்பதையும்தான். முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். 2024 முதல் டேட்டா சயின்ஸ் மற்றும் ஏ.ஐ.க்கென்றே தனித் தாளும் இருக்கிறது. பிற பிரிவு மாணவர், கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறு பிரிவின் பாடத்தொகுதி ஒன்றில் மைனர் பட்டம் பெறவும் 2021 ஒழுங்குமுறை இடம் தருகிறது. பிற பிரிவுகளின் அறிவு தேவைப்படும் கணினி வேலைகளும் இங்கேயே உண்டு. ஃபோர்டு நிறுவனம் 2022இல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் சென்னையிலுள்ள அதன் தொழில்நுட்ப, வணிகச் சேவை அலுவலகம் தொடர்ந்து இயங்குகிறது. குவால்காம் 2024 மார்ச்சில் தரமணியில் சிப் வடிவமைப்பு மையம் திறந்தது. சிப் வடிவமைப்புக்கு ஈ.சி.இ.யின் அடித்தளம் வேண்டும். காரின் மென்பொருளை எழுதுவோருக்கு கார் எப்படி இயங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். நல்ல கல்லூரியில் ஈ.சி.இ.யோ ட்ரிபிள் ஈயோ கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு ஆசிரியரே இல்லாத கல்லூரியின் கணினிப் பிரிவுக்குப் பிள்ளைகள் ஓடுவதைத் தடுக்க இந்தத் தகவல்களே போதும்.

கவுன்சலிங் பட்டியலுக்கு வெளியே இருக்கும் வழிகளும் உண்டு. அரசு கலைக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் பி.எஸ்சி. கணிதமோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்து, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், மூன்று ஆண்டாக இருந்த எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு. பி.எஸ்.ஜி.யில் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ், தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஐந்தாண்டு எம்.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன. கணக்கில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு, சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி.யைப் போல இன்னொன்று கிடைப்பது அரிது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டத்துக்கு ஜே.இ.இ. தேவையில்லை, தகுதிச் சுற்றில் தேறினால் போதும். வேறொரு பட்டப்படிப்புடன் சேர்த்தே அதைப் படிக்கலாம். வசதியுள்ள வீடுகளுக்கு இவை எல்லாம் தெரியும். தெரிய வேண்டிய வீடுகளுக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லியாக வேண்டும். கணினி வேலைச் சந்தை நேர்கோட்டில் ஏறுவதில்லை. 2001இல் டாட்காம் சரிவு, 2008இல் உலக நிதி நெருக்கடி, 2022க்குப் பின் பணி ஆணை பெற்றவர்களைக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க வைத்த மந்தநிலை எனப் பள்ளங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் சுமார் 2 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், புதிதாகச் சேருவோர் செய்துவந்த எளிய நிரல் வேலைகளில் ஒரு பகுதியை இயந்திரமே செய்கிறது. இன்று சேரும் மாணவர் வேலைக்குப் போவது நான்கு ஆண்டுகள் கழித்து. இன்றைய சூடான பெயரை நம்பிச் சேர்வதைவிட, அல்காரிதமும் கணிதமும் நன்றாகக் கற்பிக்கும் துறையில் சேர்வதே அவருக்குப் பாதுகாப்பு. அந்தத் துறை எது என்று காட்டும் விவரம் அவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த விவரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அரசு அமைப்புகளிடம் இருக்கின்றன என்பதுதான் இந்த மடலின் மையமான செய்தி. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், வேலை பெற்றோர் எண்ணிக்கையையும் இடைநிலைச் சம்பளத்தையும் சமர்ப்பிக்கின்றன. ஆனால் பிரிவுவாரியாக அல்ல. ஆசிரியர் விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. இவை நாலாபுறமும் சிதறிக் கிடக்கின்றன, அதுவும் ஆங்கிலத்தில். தேடி எடுத்துப் பொருத்திப் பார்க்கப் பதினேழு வயதுப் பிள்ளையால் முடியாது. தங்களால் முடியும்.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று: ஒவ்வொரு பிரிவுக்கும் தமிழில் ஒரு பக்கம். அதில் என்ன படிக்க வேண்டும், எந்தப் பள்ளிப் பாடத்தின் பலம் தேவை, அருகிலுள்ள பிரிவிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பவை எளிமையாக இருக்கட்டும்.

இரண்டு: கல்லூரிக் குறியீட்டைத் தொட்டதும், பிரிவுவாரியாக நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு, என்.பி.ஏ. நிலை, பிரிவு தொடங்கிய ஆண்டு ஆகியவை திரையில் வரட்டும். ஆசிரியர் எண்ணிக்கை நேரடி ஆய்வில் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

மூன்று: வேலைவாய்ப்புக் கணக்கில் "அதிகபட்சச் சம்பளம்" என்ற ஒற்றை எண்ணுக்கு இடம் தராதீர்கள். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் என்ன என்பதைப் பிரிவுவாரியாகக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கல்லூரிக்கு நேரே "விவரம் தரப்படவில்லை" என்று அச்சிடுங்கள்.

நான்கு: விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன், ஒவ்வொரு சேவை மையத்திலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் மாணவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். 'நான் முதல்வன்' திட்டத்தின் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நல்ல தொடக்கத்தைத் தந்திருக்கின்றன. அந்த உதவி, முடிவெடுக்கும் மேசை வரைக்கும் வர வேண்டும்.

பொறியியல் நுழைவுத் தேர்வை 2007இல் நீக்கியதும், 2018இல் கவுன்சலிங்கை இணையத்துக்குக் கொண்டுவந்ததும், 2021இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியதும் இந்த மாநிலத்தின் நிர்வாகம்தான். கிராமத்துப் பிள்ளை கல்லூரி வாசலுக்கு வருவதற்கான தடைகளை அது ஒவ்வொன்றாக அகற்றியிருக்கிறது. எந்த வாசலுக்குப் போவது என்று தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த கவுன்சலிங் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே இந்தப் பிரிவுவாரி விவரங்களும் தமிழில் வெளிவரத் தாங்கள் ஆணையிட வேண்டும்.