டீக்கடை நூலகமும் பள்ளிக்கூட பீரோவும்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்தால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற அம்மாக்கள் அந்த ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தானாக எழுந்து, தானாகக் கிளம்பிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். சாயங்காலம் மணி அடித்தபின் அம்மா திரும்பும்வரை பெண்பிள்ளைக்கு வீட்டு வேலை இருக்கும். பையனுக்குத் தெரு இருக்கும்.

இந்தப் பையன்களைப் பற்றி எல்லா ஊரிலும் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறார்கள்: "பொம்பளப் புள்ளைக எப்படியோ படிச்சிருதுக, இந்தப் பயலுகதான் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறானுக."

உண்மைதானா? கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்நாட்டில் மாணவிகள் 94.53 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 88.58 சதவீதம். ஒரு வருடக் கதை அல்ல, வருடா வருடம் இதே கதைதான். நம்மூர்க் கதை மட்டுமும் அல்ல. 2009ல் நடந்த 'பீசா' என்ற சர்வதேச மாணவர் மதிப்பீட்டில், கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண்பிள்ளைகளே முன்னால் நின்றார்கள்.

ஆனால் "தொட மாட்டேங்கிறான்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தொடுகிற தூரத்தில் புத்தகம் இருந்ததா?

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாளும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. 2018ல் தொடங்கிய சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு நூலக மானியம் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2022ல் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே 'ஊஞ்சல்' இதழைக் கொண்டுவந்தது. 2023ல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். ஆக, புத்தகமே இல்லை என்ற காலம் போய்விட்டது.

பிரச்சனை பீரோவில் இருக்கிறது.

புத்தகம் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறிவிட்டால் அது அரசாங்கச் சொத்து. ஆய்வுக்கு வருகிறவர் ஒரு புத்தகம் குறைந்தால்கூடக் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, யாராக இருந்தாலும் பீரோவைப் பூட்டத்தான் செய்வார்கள். அப்படியே திறந்தாலும் புத்தகம் முதலில் யார் கைக்குப் போகும்? கிழிக்காத பிள்ளைக்கு. சத்தம் போடாத பிள்ளைக்கு. வீட்டுப்பாடம் முடித்த பிள்ளைக்கு. இந்த மூன்று சல்லடையிலும் சலித்தபின் நாலாம் வகுப்புப் பையன்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கதைப் புத்தகம் நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு என்று ஆகிவிட்டது. அந்தப் பரிசு தனக்கு வராது என்று பையனுக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவன் அதைக் கேட்பதே இல்லை. இதைத்தான் "ஆர்வமில்லை" என்று எழுதி வைக்கிறோம்.

சரி, ஆண்கள் வாசிக்காத சமூகமா இது? டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள்!

1942ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எளிய சொல், சின்ன வாக்கியம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் படித்துவிடலாம். வண்டிக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேப்பரைப் பார்த்தே வாசிக்கப் பழகினார்கள் என்று தென்மாவட்டங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். பேப்பர் வந்ததும் முதலில் 'கன்னித்தீவு' படக்கதையைத் தேடியவர்கள் எத்தனையோ பேர். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவிக்காகப் பையன்கள் காசு சேர்த்தார்கள், புத்தகத்தை மாற்றிக்கொண்டார்கள், பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். யாரும் அவர்களை வாசிக்கச் சொல்லவில்லை. சொல்லப்போனால் படிக்காதே என்றுதான் அடித்தார்கள்!

அந்த டீக்கடையில் என்ன இருந்தது? பேப்பர் பெஞ்சின் மேலேயே கிடந்தது. யாரும் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கவில்லை. படித்ததும் கேள்வி கேட்கவில்லை. ஒருவர் சத்தமாகப் படிக்க நாலு பேர் கேட்டார்கள், கேட்டதைப் பற்றிச் சண்டையும் போட்டார்கள். கசங்கினால் யாரும் கவலைப்படவில்லை.

இதை நிஜமாகவே நூலகமாக்கிய ஒருவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், அதே இடுக்கி மாவட்டத்தில் இருந்தார். மூணாறுக்கும் அப்பால், நடந்தே போக வேண்டியிருந்த இடமலைக்குடி காட்டுக்குள் பி.வி. சின்னத்தம்பி ஒரு சின்ன டீக்கடை வைத்திருந்தார். முதுவான் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. அந்தக் கடையிலேயே 160 புத்தகங்களோடு ஒரு நூலகம். புத்தகங்கள் சாக்குப் பைகளில் இருந்தன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ல் இதைப் பற்றி எழுதியபோதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 2013ல் மட்டும் 37 முறை புத்தகம் இரவல் போயிருந்ததாக அவர் நோட்டு சொன்னது. மலையாளத்தில் வந்த சிலப்பதிகாரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கிப் போயிருந்தார்கள். காட்டுக்குள் சாக்குப் பையில் இருந்த புத்தகம் ஊர் சுற்றியது. ஊருக்குள் பீரோவில் இருக்கும் புத்தகம் ஏன் அசையவில்லை?

சின்னத்தம்பியும் நோட்டில் எழுதித்தான் கொடுத்தார். பதிவேடு தப்பில்லை, பூட்டுதான் தப்பு. ஆகவே, தொடக்கப் பள்ளி நூலகம் கொஞ்சம் டீக்கடை மாதிரி ஆக வேண்டும். பெரிய செலவு தேவையில்லை.

1. கிழிவதற்கு அனுமதி வேண்டும். வருடத்துக்கு இத்தனை புத்தகம் கிழியலாம், தொலையலாம், அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று துறையே எழுத்தில் தர வேண்டும். கிழியாத புத்தகம் வாசிக்கப்படாத புத்தகம்.

2. புத்தகத்தைப் பையன் எடுக்கட்டும். பாம்பு, கிரிக்கெட், பேய், ஜீப் எஞ்சின், காமிக்ஸ் எதுவானாலும் சரி. நீதிக்கதை மட்டுமே வைத்தால் அவன் அதைத் திட்டு என்றுதான் எடுத்துக்கொள்வான்.

3. வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்கிற பையனை நூலகப் பொறுப்பாளர் ஆக்குங்கள். புத்தகம் திரும்பி வருகிறதா இல்லையா என்று பாருங்கள்.

4. படித்ததும் கேள்வி, கதைச் சுருக்கம், மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

5. ஆண்கள் வாசிப்பதைப் பையன்கள் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் டீச்சர்கள்தான். வீட்டில் அப்பா கையில் போன். வாசிப்பு பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று அவன் நினைத்தால் அது அவன் தப்பா? மாதம் ஒரு நாள் ஒரு ஜீப் டிரைவர், ஒரு ஏலக்காய்க் கடைக்காரர், ஒரு தாத்தா வந்து அரை மணி நேரம் கதை வாசிக்கட்டும். திக்கித் திக்கி வாசித்தாலும் பரவாயில்லை, அது இன்னும் நல்லது.

"காமிக்ஸ் படிப்பதெல்லாம் வாசிப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. கன்னித்தீவில் தொடங்கியவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிடவில்லை. "அப்போ பெண்பிள்ளைகள்?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பீரோ திறந்தால் அவர்களுக்கும்தான் திறக்கிறது. வீட்டு வேலைக்கு நடுவிலும் படித்துவிடுகிற அந்தப் பிள்ளைக்கு இன்னும் நிறையப் புத்தகம் கிடைக்கும். யாரிடமிருந்தும் பிடுங்கி யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை.

இதில் அவசரம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்தால் பெரிய பள்ளிக்கூடம். அங்கே பாடம்தான் பெரிது, கதைக்கு நேரம் இல்லை. வாசிப்பில் தடுமாறுகிறவனுக்கு எல்லாப் பாடமும் தடுமாறும். எட்டாவது, ஒன்பதாவது வரும்போது விடியற்கால ஜீப்பில் அவனுக்கும் ஓர் இடம் காலியாக இருக்கும். தோட்ட வேலை கேவலமில்லை, அதில்தான் இந்த ஊர் சாப்பிடுகிறது. ஆனால் அந்த ஜீப்பில் ஏறுவதை அவன் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் ஏறியிருக்கக் கூடாது.

அதற்கு அவன் கையில் ஒன்பது வயதில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். பீரோ சாவி எங்கே என்று முதலில் தேடுங்கள்.