கேலிக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?



சென்ற விடுமுறையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் எம்மிடம் வந்து ஸலாம் உரைத்தார். பழகிய முகமாகத் தெரிந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. தம் வாப்பாவின் பெயரைச் சொல்லத் தொடங்கிய அவர், முதல் எழுத்திலேயே சற்றுத் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தைக் கொண்டுதான் அவரை அடையாளம் கண்டோம். அதை நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் அவர் எமது மக்தபில் ஓதிய சிறுவர். அறிவுள்ள பிள்ளை. ஆனால் நாக்கு திக்கும். அலிஃப், பா, தா என்று உரக்க ஓதும்போது அவருடைய முறை வந்தால் வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். பிள்ளைகள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். அதை நாம் கேட்டும் கேளாதவர்போல் இருந்தோம். ஒரு நாள் அவர் ஓதாமல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எதையோ வரைந்துகொண்டிருப்பதைக் கண்டோம். கோட்டைகள், மலைகள், நெருப்பு உமிழும் பறவைகள், அவற்றுக்கிடையே வழிகாட்டும் கோடுகள். நோட்டைப் பிடுங்கி வகுப்புக்கே காட்டினோம். அவரைப் பார்த்து அந்தப் பட்டப்பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டோம். வகுப்பு சிரித்தது. மறுவாரம் முதல் அவர் வரவில்லை.

வேதனை என்னவென்றால், அதே ஆண்டில் அதே வகுப்பில் நாம் நடத்திய பாடங்களில் ஒரு ஹதீஸும் இருந்தது. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அறிவிப்பு அது. அந்த நற்செய்திக்கு உரியவர் எம் கண்முன் பாயில் அமர்ந்திருந்தார். நாம் அவரை வைத்துச் சிரிப்பு மூட்டினோம்.

“அதற்குப் பிறகு எங்கே ஓதினீர்கள்?” என்று கேட்டோம். சில ஆண்டுகள் எங்கும் ஓதவில்லை என்றார். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் அமர்ந்தார். பல நாட்டவர் கூடி ஆடும் ஒரு மாய உலக விளையாட்டில் சேர்ந்தார். அவர் ஏற்றுக்கொண்ட வேடம், காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் வைத்தியர். தொடக்கத்தில் எழுத்தால் மட்டுமே பேசிக்கொண்டார்கள்; எழுத்துக்குத் திக்கு இல்லை. பின்னர் ஒரு நாள் ஒலிவாங்கியில் பேச வேண்டி வந்தது. அவர் அஞ்சியபடியே பேசினார், திக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“நான் பேசி முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள், ஹஜ்ரத்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல இரவுகளாக எம்மை உறங்கவிடவில்லை. காத்திருப்பதற்குப் பெரிய கல்வி எதுவும் தேவையில்லை. அந்தச் சிறிய பொறுமையை அவர் எமது மக்தபில் பெறவில்லை. முகம் தெரியாத அந்நியர்களிடம் பெற்றார்.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி நம் பெற்றோர்களில் பலருக்குத் தெளிவு இல்லை. சுட்டுத் தள்ளும் விளையாட்டு, சூதாட்டம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். ஃபேன்டஸி எனப்படும் மாயக் கற்பனை விளையாட்டுகளின் மூலம் வேறு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கணினி தேவையில்லை. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரர், வில்லாளி, வைத்தியர், வழிகாட்டி என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். செயல் பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒருவர் வென்று மற்றவர் தோற்கும் ஆட்டம் அன்று அது. எல்லாரும் ஒரே அணி. வாள்வீரர் எவ்வளவு வலியவராயினும் வைத்தியர் இல்லாமல் குகையைக் கடக்க முடியாது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்ற கணினி விளையாட்டுகள் இதே அமைப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தன.

கேலிக்கு ஆளான பிள்ளை இங்கே ஏன் தங்கிவிடுகிறது என்பது இப்போது புரியும். உடற்பயிற்சி வகுப்பில் அணி பிரிக்கும்போது கடைசிவரை எவரும் அழைக்காத பிள்ளை அது. இங்கே அதன் வரவுக்காக நான்கு பேர் காத்திருக்கிறார்கள். உயரம், நிறம், எடை, நாக்கு எதுவும் இங்கே கணக்கில் வருவதில்லை. ‘நீ வந்தால்தான் நாங்கள் போக முடியும்’ என்ற சொல்லை அது வாழ்வில் முதன்முதலாகக் கேட்கிறது.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் வாழ்ந்தார். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டூஷென் என்னும் நோய் அவருக்குச் சிறுவயதிலேயே இருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, விரல்களால் இயன்ற அளவில் வார்கிராஃப்ட் ஆடிவந்தார். நட்பும் அன்பும் இன்னதென்று அறியாமலே மகனின் வாழ்வு முடிகிறதே என்பது பெற்றோரின் பெருந்துயரம். 2014இல் தமது 25ஆம் வயதில் அவர் இறந்தார். அவர் எழுதிவந்த வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியைப் பதிந்து, ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. மகனுக்கு அந்த விளையாட்டில் ‘ஐபெலின்’ என்று ஒரு பெயர் இருந்ததும், ‘ஸ்டார்லைட்’ என்ற குழு இருந்ததும், துயரப்பட்டவர்களுக்கு அவர் ஆறுதலாக இருந்ததும் பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையே விழுந்திருந்த விரிசலை அவருடைய ஆலோசனை குறைத்திருந்தது. வீட்டார் கணினியை எடுத்துவிட்டதால் மனம் உடைந்த ஒரு பெண்ணுக்காக அவளுடைய பெற்றோருக்கே அவர் கடிதம் எழுதியிருந்தார். குழுவினர் சிலர் அயல்நாடுகளிலிருந்து ஜனாஸாவுக்கே வந்து சேர்ந்தார்கள். இவ்வரலாறு 2024இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

அந்தப் பெற்றோர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆனாலும் அடுத்த அறையில் மகன் யாரோடு வாழ்கிறான் என்பதை அவன் மறைந்த பிறகே அறிந்தார்கள். நம் வீடுகளில் அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நாம் என்ன அறிவோம்?

இங்கே ஒரு கேள்வி எழும். டிராகன், மந்திரவாதி, மாயக்கோல் இவையெல்லாம் ஈமானுக்குக் கேடு அல்லவா? இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. 1980களில் அமெரிக்கக் கிறித்தவக் குடும்பங்கள் பல, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிள்ளைகளைச் சாத்தானிடம் இழுத்துச் செல்கிறது என்று நடுங்கின. தற்கொலையால் மகனை இழந்த ஒரு தாய் அந்த விளையாட்டின் மீது பழி சுமத்தி ஓர் இயக்கத்தையே நடத்தினார். அந்தத் தாயின் துயரத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆயினும் அந்தக் குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. பழி விளையாட்டின் மீது விழுந்த ஆண்டுகளில், பள்ளிக்கூட வராந்தாக்களில் அந்தப் பிள்ளைகள் பட்ட கேலியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். சிஹ்ர் ஹராம் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. சிஹ்ரைக் கற்பிக்கும், இணைவைப்பை அழகாக்கிக் காட்டும், ஆபாசம் கலந்த விளையாட்டுகளை விலக்கியே ஆக வேண்டும். ஒரு குறிப்பிட்ட விளையாட்டு அந்த எல்லைக்குள் வருகிறதா என்பது ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். பிறரை ஏளனம் செய்வதும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதும் அப்படியல்ல. சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் அவற்றை நேரடியாகவே தடுத்துவிட்டது. ஆராய வேண்டியதை ஆராயாமல் தீர்ப்பு வழங்கினோம். தீர்ப்பாகிவிட்ட பாவத்தை வகுப்பில் நின்று நாமே செய்தோம். பிள்ளை எங்கே ஓடினான் என்று விசாரித்த நாம், எதற்கு அஞ்சி ஓடினான் என்று கேட்கவில்லை.

அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணித்துண்டால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை இருந்தது. போரிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அது என்னவென்று விசாரித்தார்கள். குதிரைக்குச் சிறகா என்றும் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதிலுக்குக் கேட்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை; உடன் மகிழ்தல் இருந்தது. சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கிய ஒருவர், ஒரு துணிக் குதிரையின் சிறகைப் பற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். நாம் கேட்டோமா? அந்தச் சிறுவரின் நோட்டில் இருந்த கோட்டையின் பெயர் என்னவென்று ஒரு முறையேனும் கேட்டிருந்தால், அவர் மறுவாரமும் வந்திருப்பார்.

இதனால் பிள்ளைகளை இரவு பகலாகத் திரையின் முன் விட்டுவிடலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டின் மீதான கட்டுக்கடங்காத பிடிப்பை உலகச் சுகாதார நிறுவனமே ஒரு கோளாறாக வகைப்படுத்தியுள்ளது. தொழுகை தவறினால், உறக்கமும் படிப்பும் கெட்டால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பரிசுப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால், அந்நியர் எவரேனும் படமோ முகவரியோ கேட்டால் பெற்றோர் தலையிட்டே தீர வேண்டும். ஆனால் தலையிடும் உரிமை, முன்பே அருகில் அமர்ந்திருந்தவருக்குத்தான் எளிதில் கிடைக்கும். ஒரு மாலை பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். ‘இது யார்? நீ என்ன வேடம்? உன் கூட்டாளிகள் எந்த ஊர்?’ என்று கேளுங்கள். பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.

மக்தபுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டப்பெயர் காதில் விழுந்த அன்றே பாடத்தை நிறுத்துங்கள். மறுநாள் கண்டித்துக்கொள்ளலாம் என்று விட்டால், உஸ்தாதின் மௌனமே அந்தப் பெயருக்குச் சாட்சிக் கையெழுத்தாகிவிடும். இளைஞர்களை இழுக்க நிகழ்ச்சிகள் நடத்தும் ஜமாஅத்துகள், பேச்சு வராத பிள்ளையும் உடல் பருத்த பிள்ளையும் கூச்சப்படும் பிள்ளையும் தம் முற்றத்தில் நிம்மதியாக நிற்க முடிகிறதா என்பதை முதலில் பார்க்கட்டும். ‘நீ இல்லாமல் எங்களால் ஆகாது’ என்று சொல்லும் ஒரு பொறுப்பை, நோன்புக் கஞ்சி பரிமாறும் வேலையாகவேனும், அவர்களுக்குக் கொடுங்கள்.

அந்த இளைஞரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் எமது கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதோ மன்னித்துவிட்டதாகச் சொன்னார். தம் குழுவில் இருந்த எகிப்து நாட்டு நண்பர் ஒருவர்தான், தொழுகை நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வருவதைக் கண்டு தாமும் தொழத் தொடங்கியதாகவும், இப்போது அவரிடமே வாரம் இருமுறை இணையம் வழியே ஓதுவதாகவும் கூறினார். அல்ஹம்துலில்லாஹ். எமது கையால் தவறவிட்டதை அல்லாஹ் வேறொரு கையால் சேர்ப்பித்தான். அது அவனுடைய அருள். எமக்கு அது விடுதலைப் பத்திரம் ஆகாது.

எழுந்து செல்லும்முன் அவர் ஒன்று கேட்டார். “அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறதா, ஹஜ்ரத்? அதில் ஒரு வரைபடம் இருந்தது.”

எம்மிடம் இல்லை. அதை என்ன செய்தோம் என்பதுகூட நினைவில் இல்லை.

யா அல்லாஹ், எங்கள் நாவுகளாலும் எங்கள் சிரிப்பாலும் காயப்பட்ட பிள்ளைகளின் உள்ளங்களை நீ ஆற்றுவாயாக. எங்கள் வீடுகளையும் மக்தபுகளையும் அவர்கள் அஞ்சி ஓடாத இடங்களாக ஆக்குவாயாக. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.