மூன்றாவது வரிசையில் காத்திருப்பவர்

2023 டிசம்பர் 3-ஆம் நாள், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்துக்கு மோதவிருந்த நான்கு அணிகளைத் தேர்வுக் குழு அறிவித்தது. ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று, அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் கோப்பையையும் கைப்பற்றியிருந்த ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு அதில் இடமில்லை. தலா ஒரு தோல்வி கண்டிருந்த டெக்சாஸும் அலபாமாவும் இடம்பெற்றன. பெரிய கூட்டமைப்பு ஒன்றின் சாம்பியன், ஒரு தோல்விகூட இல்லாமல் இப்படி வெளியேற்றப்பட்டது அதுவே முதல் முறை. காரணம், இரு வாரங்களுக்கு முன் ஒடிந்த ஒரு மனிதரின் கால்.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக் என்பவரின் கையிலிருந்தே தொடங்குகிறது. அந்த இடத்தில் இருந்த ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று காயமுற்றார். அடுத்து வந்த டேட் ரோடுமேக்கர் ஃபுளோரிடா அணியை வெல்ல உதவினார். தலையில் அடிபட்டதால் அவராலும் தொடர முடியவில்லை. கூட்டமைப்பின் இறுதிப்போட்டியில் மூன்றாம் நிலை வீரரான முதலாண்டு மாணவர் பிராக் கிளென் களமிறங்கினார். தடுப்பாட்டக்காரர்களின் வலிமையால் அந்த அணி 16-6 என வென்றது. ஆனால், டிராவிஸ் இல்லாத அணி முன்பிருந்த அணி அல்ல என்று குழு முடிவு செய்தது. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, தன்னைத் தாண்டியும் இந்த அணிக்கு வலிமை உண்டு என்பதை உலகம் அறிந்திருக்குமே என்று டிராவிஸ் வருந்தினார்.

அந்த வருத்தத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதற்கு 2014-ஆம் ஆண்டின் ஒஹையோ ஸ்டேட் அணியே சான்று. அந்த ஆண்டு ஆகஸ்டில், பருவம் தொடங்கும் முன்பே முதல்நிலை குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லரின் தோள் காயமுற்றது. அனுபவமில்லாத ஜே.டி. பேரட் பொறுப்பேற்றார், இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் அணி தோற்றது. பின்னர் பேரட் நிமிர்ந்தார், அணியும் நிமிர்ந்தது. நவம்பர் இறுதியில் மிஷிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவரது கணுக்கால் முறிந்தது. மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ், தன் கல்லூரி வாழ்வில் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய போட்டி, கூட்டமைப்பின் இறுதிப்போட்டி. விஸ்கான்சினை ஒஹையோ 59-0 என வீழ்த்தியது. அடுத்து அலபாமாவை 42-35 என்றும், இறுதியில் ஆரிகனை 42-20 என்றும் வென்று தேசியப் பட்டத்தைச் சூடியது.

இரு அணிகளும் மூன்றாம் நிலை வீரரை நம்பின, இரண்டும் வென்றன. ஒன்றுக்குக் கதவு திறந்தது, மற்றொன்றுக்கு மூடியது. முக்கிய வீரர் இல்லாமை வருங்கால ஆட்டத்தைப் பாதிக்குமா என்று கருத்தில் கொள்ளக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன என்பது மெய்தான். வெற்றியின் அளவும் வேறுபட்டது. ஆனாலும், நடந்து முடிந்த வெற்றியை விட, நடக்கக்கூடிய தோல்வி பற்றிய ஊகத்துக்கு அதிக எடை கொடுத்தது நியாயமாகாது என்பதே என் கருத்து. ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றதைக் காட்டி, குழு சொன்னது சரிதான் என்பார்கள். அன்று 20-க்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த அணிக்காக ஆடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அன்று ஆடாதவர்களில் ரோடுமேக்கரும் ஒருவர். வேறு பல்கலைக்கழகம் தேடி அவர் புறப்பட்டிருந்தார். மாற்று வீரர் என்னும் ஏற்பாடே இன்று எப்படிக் கரைந்து வருகிறது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

நல்ல மாற்று வீரர் ஒரே வாரத்தில் உருவாகிவிடுவதில்லை. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே பயிற்சிக்கு அனுமதி. அதில் பெரும்பகுதி முதல்நிலை வீரருக்கே போய்விடும். மற்றவர்கள் பார்த்தும் கேட்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்துமே கற்க வேண்டும். ஜோன்ஸ் களமிறங்கியது அவரது மூன்றாம் ஆண்டில். 2018 ஜனவரி இறுதிப்போட்டியில், பாதி ஆட்டத்தில் ஜேலன் ஹர்ட்ஸை அமர வைத்து டுவா டாகொவைலோவாவை இறக்கி அலபாமா பட்டம் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயமுற்றபோது, இடம் இழந்த பின்னும் அணியிலேயே தங்கியிருந்த ஹர்ட்ஸ் வந்து ஜார்ஜியாவை வீழ்த்தினார். அந்தக் காத்திருப்பு இல்லையேல் அந்த வெற்றியும் இல்லை.

2021 முதல், ஓராண்டு வெளியே உட்காராமலேயே ஒருமுறை கல்லூரி மாறலாம் என்றானது. 2024-இல் அந்த எண்ணிக்கை வரம்பும் நீங்கியது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் தருகின்றன. இரண்டாம் இடத்தில் இருப்பவர் வேறிடத்தில் முதலிடம் தேடுவது இயல்பே. நான் அவர்களைக் குறைகூற மாட்டேன். பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகும்போது, இருபது வயது இளைஞரிடம் மட்டும் விசுவாசம் கேட்பது எந்த நீதி?

அவருடைய உடலுக்கு என்ன காப்பு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 1974-இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு முடங்கினார். அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக்கு உரியவர் அல்லர் என்று டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆடி முடித்த பின் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு, ஆட்டத்தால் நேர்ந்த காயங்களின் மருத்துவச் செலவை முதல்நிலைப் பிரிவுக் கல்லூரிகள் ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு முழங்காலின் வலி இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடுமா?

இதனிடையே ஆட்டங்களின் எண்ணிக்கை கூடுகிறது. 2024 முதல் 12 அணிகள் பட்டத்துக்கு மோதுகின்றன. இன்றைய முறையில் ஃபுளோரிடா ஸ்டேட் வெளியே நின்றிருக்காது, இது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தப் பருவத்தில் பட்டம் வென்ற ஒஹையோ ஸ்டேட் 16 ஆட்டங்கள் ஆட நேர்ந்தது. ஜார்ஜியாவின் கார்சன் பெக் முழங்கைக் காயத்தால் விலக, கன்னர் ஸ்டாக்டன் என்ற மாற்று வீரரோடு நாட்டர்டேமைச் சந்தித்த அந்த அணி 23-10 எனத் தோற்றது. ஆட்டங்கள் கூடக் கூடக் காயங்களும் கூடும். காத்திருக்கப் பொறுமையுள்ள மாற்று வீரர்களோ குறைந்துகொண்டே போவார்கள்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. அணிமாற்றக் காலத்தை டிசம்பரிலிருந்து ஜனவரிக்குத் தள்ளியிருப்பது நல்ல தொடக்கம். இறுதிப்போட்டி முடிந்த பிறகே அது திறக்க வேண்டும். காயத்துக்கான மருத்துவப் பொறுப்பு, காயம் ஆறும் வரை நீள வேண்டும். தேர்வுக் குழு களத்தில் நடந்ததையே எடைபோட வேண்டும்.

1905-இல் ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் களத்தில் மாண்டனர். அதே ஆண்டு, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததே இன்று கல்லூரி விளையாட்டை ஆளும் தேசிய அமைப்பு. காயமுற்றவரைக் காப்பதற்காகத் தோன்றிய ஓர் ஏற்பாடு, காயத்தை ஓர் அணியின் குற்றமாகக் கணக்கிடுவது அதன் பிறப்புக்கே முரணானது.